ஓய்வுக்குப் பின் பயிற்சி பெற்ற தோட்டத் தன்னார்வலர் ஆவது எப்படி: பெங்களூருக்கான முழு வழிகாட்டி

மாடியில் பத்துத் தொட்டி வைத்துச் செடி வளர்ப்பது ஒரு திறமை. முன்பின் தெரியாத ஒருவர் கவரில் போட்டுக் கொண்டுவரும் மஞ்சள் இலையைப் பார்த்து, அது ஏன் மஞ்சளானது என்று சரியாகச் சொல்வது வேறு திறமை. இந்த வழிகாட்டி இரண்டாவது திறமைக்கானது. ஐம்பதோ அறுபதோ கடந்து, கையில் நேரமும் மண் மேல் ஆசையும் இருந்து, அதைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பயன்படும்படி செய்ய நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

இதற்கென ஒரு முறை 1972-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. வீட்டுத்தோட்டக் கேள்விகளோடு வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கு வந்தவர்கள் ஏராளம், பதில் சொல்ல ஆள் குறைவு. அதனால் ஆர்வமுள்ள பொதுமக்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட மணி நேரம் ஊருக்கு உழைத்துத் தரச் சொன்னார்கள். ‘மாஸ்டர் கார்டனர்’ என்ற பெயரில் அது பல மாநிலங்களுக்கும் பரவியது. படிப்பு, கைவேலை, திருப்பித் தரும் உழைப்பு ஆகிய மூன்றும் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பெங்களூரில் இந்த மூன்றும் இருக்கின்றன, ஆனால் வெவ்வேறு இடங்களில். அவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ள வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் வீதம் ஓராண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குறைக்க முடியாது. கோடைச் சிலந்திப்பேன், மழைக்கால நத்தை, பனிக்கால சாம்பல் நோய் எல்லாவற்றையும் ஒரு சுற்று கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இந்த ஊரின் மண்ணும் வானமும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். மே மாத இடிமழையில் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் உச்சத்துக்குப் போகும். சென்னையிலும் மதுரையிலும் கற்ற தோட்டக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. அங்கே எளிதில் வராத முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கேரட் எல்லாம் இங்கே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நன்றாக வரும். அங்கே ஆண்டு முழுக்கக் காய்க்கும் வெண்டை, இங்கே டிசம்பர் குளிரில் சோம்பிவிடும்.

தமிழர்களுக்கு இந்த ஊர்த் தோட்டங்களோடு உள்ள உறவு பழையது. ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக்கையும் நகரைச் சுற்றியிருந்த காய்கறி, பூந்தோட்டங்களையும் பேணி வளர்த்ததில் தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று கன்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் சம்பங்கி ஏரிக் கரையில் அவர்கள் பயிர் செய்தார்கள். கரகத் திருவிழா அவர்களுடையதுதான். தோட்ட வேலை கற்க வருபவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நீங்கள் போய் நிற்கப்போகும் பூங்காவில் மண்வெட்டியோடு இருக்கும் தோட்டக்காரருக்கு, அதாவது மாலிக்கு, உங்கள் சான்றிதழைவிட நீண்ட பரம்பரை இருக்கலாம்.

முதலில் உடம்பு, பிறகு கருவி

தொடங்குமுன் டெட்டனஸ் தடுப்பூசியைச் சரிபாருங்கள். கடைசியாகப் போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்போடு மண்ணில் இறங்கக் கூடாது. விரல் மூடிய ஷூ, உள்ளே காட்டன் சாக்ஸ் கட்டாயம். காலில் முள் குத்தினால் வலியே தெரியாமல் புண்ணாகிவிடும். நீர் பிரியும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் வேலையைக் காலை 9.30-க்குள் முடித்துவிடுவது நல்லது.

முழங்கால் மடங்காவிட்டால் தோட்டம் முடியாது என்று நினைக்க வேண்டாம். 25 சென்டிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் முக்காலி, நீளக் கைப்பிடிக் களைக்கொத்து, இடுப்பு உயர மேசைப்பாத்தி ஆகியவை பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். 10 லிட்டர் பூவாளியை ஒரு கையில் தூக்காதீர்கள். அது பத்துக் கிலோ. 5 லிட்டர் பூவாளி இரண்டை இரு கையிலும் பிடித்தால் முதுகு கோணாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்: குனிந்து செய்தது போதும் என்றால் நின்று செய்வது, அதற்குப் பின் உட்கார்ந்து செய்வது.

கருவிகளில் ஒன்றுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யலாம்: கவாத்துக் கத்தரி, அதாவது கிளை வெட்டும் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிப் போகும் வகையைத்தான் வாங்க வேண்டும். தட்டையான பரப்பில் வெட்டி நசுக்கும் வகை காய்ந்த குச்சிக்கு மட்டுமே சரி, பச்சைக் கிளையை நைய வைத்துவிடும். மடக்கு ரம்பம் ஒன்று, கைக்களைக்கொத்து, தோட்டக் கையுறை, ஒரு பத்து மடங்கு லென்ஸ், 70 சதவீத ஸ்பிரிட் சின்ன பாட்டில். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பது பழக்கமாகிவிட வேண்டும். வாடல் நோயும் வைரஸும் அலகில் ஒட்டிக்கொண்டும் பயணம் போகின்றன.

காய்ந்த உரம், கோகோபீட் (தென்னை நார்க்கழிவு), வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்கள். பார்த்தீனியம் பிடுங்கும்போதும் அப்படியே. அதைப் பூக்கும் முன், ஈர மண்ணில், வேரோடு எடுக்க வேண்டும். இந்தக் களையைத் தின்னும் மெக்சிகோ வண்டை இந்தியாவில் 1984-ல் இந்த ஊரில்தான் முதலில் விட்டார்கள். மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையில் கறுப்புக் கோடு போட்ட வெளிர் நிற வண்டுகளைக் கண்டால் அவற்றைக் கொல்லாதீர்கள்.

எங்கே கற்பது

மாநிலத் தோட்டக்கலைத் துறையின் தலைமையகம் லால்பாக்கிலேயே இருக்கிறது. பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளை அவ்வப்போது அறிவிப்பார்கள். நேரில் போய்க் கேட்பதே நல்லது. குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிகளுக்குப் போனால் அலங்காரத்தோடு நின்றுவிடாமல் அங்கே இருக்கும் துறை ஆட்களிடம் பேசுங்கள்.

ஹெப்பாள் அருகே உள்ள ஜி.கே.வி.கே., அதாவது பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம், ஆண்டுதோறும் கிருஷி மேளா நடத்துகிறது. பெரும்பாலும் நவம்பரில் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் நோய், பூச்சி அரங்குகளுக்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கினால் நிறையக் கற்கலாம். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் விதையும் நுண்ணுயிர் உரமும் விற்கிறது. அங்கே உருவான அர்கா ரக்‌ஷக் தக்காளி இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும். அர்கா அனாமிகா வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்குவதற்கென்று உருவானது. பள்ளித்தோட்டம் போடுபவர்கள் முதலில் இப்படிப்பட்ட ரகங்களோடு தொடங்கினால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் குறையும்.

உரம் தயாரிப்பதை நேரில் பார்க்க எச்.எஸ்.ஆர். லேஅவுட்டின் ஸ்வச்சாகிரக கலிகா கேந்திரா நல்ல இடம். மாடித்தோட்டக்காரர்களைச் சந்திக்க ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ சந்தைகள். மரம் கற்க சீசன்வாட்ச் என்ற மக்கள் பதிவுத் திட்டம். உங்கள் தெரு மரம் ஒன்றைப் பதிவு செய்து, துளிர், மொட்டு, பூ, காய் எவ்வளவு என்று வாரம் ஒருமுறை குறிக்க வேண்டும். ஓராண்டு ஒரே மரத்தைப் பார்த்தவர் மரத்தைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடும்.

முதல் மூன்று மாதம்: மண்

மண்ணைத் தெரிந்துகொள்ள இரண்டு சோதனை போதும். ஒன்று, பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். ஒன்றிரண்டு நாளில் மேலே படியும் மெல்லிய படலம் களி. இரண்டாவது, வடிகால் சோதனை. 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்பிக் கணக்கெடுங்கள். மணிக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கினால் நல்லது. ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால், அங்கே எவ்வளவு உரம் போட்டாலும் வேர் அழுகத்தான் செய்யும். நகரப் பூங்காக்களில் அடியில் கட்டட இடிபாடு கிடப்பதே இதற்கு வழக்கமான காரணம். கடப்பாரையால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது எட்டுப் பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு V வடிவில் வெட்டி, ஓரத்திலிருந்து ஒரு சீவல் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ எடுங்கள். நிழலில் உலர்த்த வேண்டும். உரம் போட்ட வாரத்தில் எடுத்தால் முடிவு பொய் சொல்லும்.

தொட்டிக்கான கலவை பற்றி எல்லோரும் கேட்பார்கள். கன அளவில் செம்மண் 2 பங்கு, மக்கிய உரம் 1, அலசிய கோகோபீட் 1. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குல பைக்கு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். அலசாததில் உப்பு இருக்கும், நாற்று இலையின் ஓரம் கருகும். அப்படிப்பட்ட ஒரு பை நனைந்தால் 25 கிலோவைத் தொடும். மொட்டை மாடிக்குக் கட்டடக் கணக்கில் வைக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். மாடி முழுக்க 15 சென்டிமீட்டர் ஈர மண் பரப்பினால் 250 கிலோவைத் தாண்டிவிடும். பைகளைச் சுவரோரமும் உத்திரத்தின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இலைக் குவியலை உரமாக்குவது

பூங்காவில் தன்னார்வலரால் உடனே செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது. பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஊர்த் தெருக்கள் முழுக்க மழைமரம், புங்கை, அரசு இலைகள். பாதி எரிக்கப்படுகின்றன, மீதி குப்பை லாரியில் போகின்றன. இரண்டுமே மண்ணிலிருந்து திருடுவதுதான்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சின்னதாக இருந்தால் சூடு தங்காது. கன அளவில் காய்ந்த இலை 3 பங்கு, பச்சை 1 பங்கு: புல் வெட்டியது, காய்கறித் தோல், கோயில் பூமாலை (நூலையும் ஜரிகையையும் நீக்கிவிட்டு). ஒவ்வோர் அடுக்குக்கும் சாணக் கரைசல் தெளியுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடிச் சாணம் போதும். சாணம் கிடைக்காவிட்டால் பழைய மக்கு உரம் ஒரு கூடை. கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் தண்ணீர் அதிகம், பிடி உதிர்ந்தால் குறைவு.

இரண்டு மூன்று நாளில் உள்ளே கைவைக்க முடியாத சூடு வரும். 55 முதல் 65 டிகிரி வரை போகும். களை விதையும் நோய்க்கிருமியும் சாவது இந்தச் சூட்டில்தான். வாரம் ஒருமுறை வெளியில் உள்ளதை உள்ளே போட்டுப் புரட்டினால் மூன்று மாதத்தில் உரம். புரட்ட முடியாதவர்கள் ஆறு மாதம் காத்திருக்கட்டும், தவறில்லை.

சூடே வரவில்லை என்றால் பச்சை குறைவு, அல்லது காய்ந்துவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை, தண்ணீர் அதிகம். காய்ந்த இலை கலந்து புரட்ட வேண்டும். அமோனியா நெடி என்றால் பச்சை அதிகம். சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கடிக்காது, குப்பையைத் தின்று தீர்க்கும். மேலே ஒரு கூடை காய்ந்த இலை போட்டு மூடினால் போதும். எறும்பு வந்தால் குவியல் காய்ந்து கிடக்கிறது என்று பொருள்.

இலைக் குவியலுக்குள் வெறுங்கையை விடவே கூடாது. முதலில் நீளக் கைப்பிடி வாரியால் கிளறுங்கள். கண்ணாடி விரியனுக்கும் நாகத்துக்கும் அது வசதியான இடம். பாம்பைக் கண்டால் விலகி நின்று, மீட்பவரை அழைக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதோ கட்டுவதோ வேண்டாம், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும்.

தண்ணீர்

2024 மார்ச்சில் ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வருகிறது. அதைப் புல்தரைக்கு ஊற்றாமலிருப்பதைத் தன்னார்வலர்தான் முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுக்குமாடிகளின் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் மரத்துக்கும் புதருக்கும் நல்லது. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் கூடாது. நாற்றமடித்தால் நிலையம் சரியாக ஓடவில்லை, அதை வாங்காதீர்கள். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், தொட்டிக்குத் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். காய்கறி கழுவிய தண்ணீர் எதற்கும் சரி.

இதையெல்லாம்விடத் தண்ணீரை மிச்சப்படுத்துவது மூடாக்கு. மண் மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் காய்ந்த இலை, தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி. தண்டோடு ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

நான்காம் மாதத்திலிருந்து: நோய் கண்டறிதல்

பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வருபவர் “என்ன மருந்து அடிக்கலாம்?” என்றுதான் கேட்பார். மருந்தின் பெயரைச் சொல்லுமுன் ஐந்து கேள்வி கேட்டாக வேண்டும். என்ன செடி, வயது என்ன? முதலில் மாறியது அடி இலையா, துளிரா? ஒரே வகைச் செடியிலா, பக்கத்தில் உள்ள வேறு செடிகளிலுமா? எத்தனை நாளாக, அதற்குமுன் என்ன மாற்றினீர்கள்? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டால் ஈரமா, காய்ச்சலா?

மூன்றாவது கேள்வி மிகவும் முக்கியம். பூச்சியும் நோயும் ஒரு வகைச் செடியில் தொடங்கி மெல்லப் பரவும். ஒரே நாளில் ரோஜா, துளசி, செம்பருத்தி எல்லாம் வாடினால் அது நோயல்ல. பெயின்ட் கழுவிய தண்ணீர், அளவு மீறிய உரம், களைக்கொல்லி, கொதித்த மாடித்தரை என்று ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

தமிழ் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். அடி இலை மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய உரம் போதும். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல. போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, இரும்பை வேர் எடுக்கவிடாமல் பூட்டிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் துளிர் பச்சையாகும். அதோடு மழைநீரோ காவிரி நீரில் பாத்திரம் அலசிய சோப்பில்லாத நீரோ ஊற்றச் சொல்லுங்கள். புளித்த மோர் ஊற்றும் வழக்கம் தவறில்லை, ஆனால் மறுநாளே போர்வெல் தண்ணீர் அதன் புளிப்பை ஈடுகட்டிவிடும். பலர் மோரை மட்டும் நம்பி ஒரு வருடம் காத்திருக்கிறார்கள். இலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது உற்றுப் பார்த்தால் நகரும். அது பட்டாம்பூச்சிப் புழு. பெரிய செடியானால் விட்டுவிடலாம், ஒரு கிளையை அது தின்றால் செடி தாங்கும். சின்னச் செடியானால் குச்சியால் எடுத்து வேறு பெரிய கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ விட்டுவிடுங்கள்.

செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கு முதலில் தேட வேண்டியது எறும்பை. எறும்புதான் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காத்து, புதுத் துளிருக்குச் சுமந்து போகிறது. எறும்பு ஏறும் வழியை அடைத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, மோசமான நுனிகளை வெட்டிவிட்டாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்: 5 மில்லி எண்ணெயை 1 மில்லி திரவ சோப்பில் முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை.

தக்காளித் துளிர் சுருங்கி மேல்நோக்கி மடிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டிப் போட வேண்டும். இதைச் சொல்ல மனம் வராமல் ‘எதற்கும் இதை அடித்துப் பாருங்கள்’ என்று சொல்வதால்தான் பக்கத்துச் செடிகளும் போகின்றன.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை. இரவில் ஈரக் கோணிச் சாக்கை விரித்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வைத்தால் விடியலில் கூட்டமாக இருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, மனிதனுக்கு ஆபத்தான ஒட்டுண்ணியை அது சுமக்கும். உப்பை மண்ணில் தூவவும் கூடாது.

‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதும் முழுமையான பதில்தான். மழைமரம் இலை உதிர்ப்பதும், துளசி பூத்து முடிந்து காய்வதும் நோயல்ல.

கவாத்து: எது உங்கள் எல்லை

தரையில் நின்றபடி எட்டும், இரண்டு அங்குலத்துக்குக் குறைவான கிளை மட்டுமே தன்னார்வலருடையது. ஏணி, மின்கம்பி, தேன்கூடு இருக்கும் மரம், இவை மூன்றிலும் கைவைக்கக் கூடாது. மரம் வெட்ட 1976-ம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். வாசல் மரத்தின் கிளையானாலும் எழுதிக் கேட்டுவிட்டே தொடுங்கள்.

கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் ரம்பத்தால் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை விழும், பட்டை உரியாது. மிச்ச அடிக்கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போல் உப்பியிருக்கும் பகுதிக்கு வெளியே ஒட்டி எடுங்கள். அந்த வளையத்தை வெட்டிவிட்டால் காயம் மூடாது. கட்டையை நீளமாக விட்டால் அது உளுத்து நோயை உள்ளே இழுக்கும். வெட்டிய இடத்தில் பெயின்ட் பூசத் தேவையில்லை.

மரக்கன்று

ஜூன், ஜூலைதான் காலம். குழி இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். பையை முழுவதும் கிழித்து எடுத்துவிட வேண்டும். சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும். வேர் தொடங்கும் கழுத்து தரைமட்டத்தில் இருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால் இரண்டாம் வருடம் காரணம் தெரியாமல் சாகும். கோல் நட்டு எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். மறந்த கயிறு தண்டை நெரித்துவிடும்.

நடுவது எளிது, பிப்ரவரியிலிருந்து மே வரை வாரம் இரண்டு முறை 15 லிட்டர் ஊற்றுவதே உண்மையான வேலை. அதற்கு ஆள் இல்லாவிட்டால் அந்த வருடம் நடாதீர்கள். இருக்கும் மரங்களின் அடியில் சிமென்டைப் பெயர்த்து ஒரு மீட்டர் மண் திறந்துவிட அதிகாரியிடம் மனு கொடுப்பது பத்துக் கன்று நடுவதைவிட மேல்.

பூங்காவுக்குள் நுழைவது

2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் பூங்கா எந்த மாநகராட்சியின் தோட்டக்கலைப் பிரிவில் வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். கடிதம் கன்னடத்தில் ஒரு பக்கம்: எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம், என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள் (வெட்ட மாட்டோம், ரசாயனம் அடிக்க மாட்டோம், அனுமதியில்லாமல் நட மாட்டோம்). குடியிருப்போர் சங்கத்தின் கையெழுத்தும் இருந்தால் நகர்வு வேகமாக இருக்கும். மூன்று மாதச் சோதனைக் காலம் கேளுங்கள். நிரந்தர அனுமதி கேட்டால் கோப்பு நகராது.

முதல் நாள் மாலியிடம் போய் யோசனை சொல்லாதீர்கள். “அண்ணா, இந்த மூலையில தண்ணி நிக்குதே, எப்பவும் இப்படித்தானா?” என்று கேளுங்கள். எந்தக் குழாய் கசியும், எந்தப் புதரில் பாம்பு, எந்த வேளையில் மோட்டார் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். தமிழோ தெலுங்கோ கலந்து பேசும் மாலிகள் நிறையப் பேர், ஆனாலும் நாலு கன்னடச் சொல் கற்றுக்கொண்டு போங்கள்: கிட (செடி), மண்ணு (மண்), கொப்பர (உரம்), நீரு (தண்ணீர்). முதல் மூன்று மாதம் இலை கூட்டுவது, உரக்குவியல், மூடாக்கு, இவை மட்டும். அவர் வேலையைக் குறைப்பதாகத் தெரிந்தால்தான் உங்களை நம்புவார். அவர் வேலையைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதும் தன்னார்வலர் இருக்கும் பூங்காவில் ஒரு செடியும் தழைக்காது.

பள்ளியில் என்றால் ஒன்றுக்கு இரண்டு மீட்டரில் நாலு பாத்தி போதும். ஜூனில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை. அக்டோபரில் முள்ளங்கி, பீன்ஸ், நூல்கோல். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும், பிள்ளைகளின் பொறுமை அவ்வளவுதான் தாங்கும். ஏப்ரல், மே விடுமுறையில் பாத்தியை மூடாக்கால் மூடிவிட்டு ஓய்வு கொடுங்கள். எந்த மருந்தும், இயற்கை மருந்தாகவே இருந்தாலும், பிள்ளைகள் இருக்கும்போது தெளிக்கக் கூடாது.

குறிப்பேடு

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: தேதி, செடி, அறிகுறி, நீங்கள் சொன்னது, மூன்று வாரம் கழித்து நடந்தது. கடைசிக் கட்டம்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவது. அதை நிரப்பாமல், சொன்ன பதில் சரியா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றைப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், மண், இந்த மூன்று படமும் கேளுங்கள்.

வயதானவர்கள் நடத்தும் தோட்டக் குழுக்கள் நிற்பது ஆர்வம் வற்றியதால் அல்ல. ஒருவர் ஆறு மாதம் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறார், இன்னொருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, வேலை அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே எதையும் இரண்டு பேராகவே தொடங்குங்கள். ஊருக்குப் போகுமுன் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்தக் கன்றுக்கு எந்தக் கிழமை தண்ணீர், உரக்குவியல் கடைசியாக எப்போது புரட்டப்பட்டது, எந்தச் செடி கண்காணிப்பில் இருக்கிறது, மாலியின் கைபேசி எண், கருவி அறையின் சாவி யாரிடம்.